நடுகல்லும் நகரத்துச் சிலையும்

மாஹிம் இரயில் நிலையத்தின் நடைமேம்பாலம் இரண்டு உலகங்களை இணைத்து நிற்கிறது. மேற்கே இறங்கினால் தர்காவும், புதன்கிழமைதோறும் கூட்டம் அலைமோதும் தூய மிக்கேல் தேவாலயமும், அவற்றுக்கப்பால் அரபிக் கடலும். கிழக்கே இறங்கினால் தாராவி. நம்மில் பலருடைய பாட்டன்மார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கையில் ஒரு துணிமூட்டையுடன் வந்திறங்கி, தோல் பதனிட்டும், சுமை தூக்கியும், இட்லி அவித்து விற்றும் குடும்பங்களை நிலைநிறுத்திய மண். அந்தப் பாலத்தின் மேலிருந்துதான் ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, நாலைந்து குடும்பத்தார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நகரத்துச் சிலைகளைக் காணப் புறப்பட்டோம்.

சர்ச்கேட்டில் இறங்கி ஹுதாத்மா சௌக் வரை நடந்தோம். 1864-ஆம் ஆண்டு எழுந்த ஃபுளோரா நீரூற்றையும், அதனருகே உழவனும் தொழிலாளியும் தீப்பந்தம் ஏந்தி நிற்கும் தியாகிகள் நினைவுச் சின்னத்தையும் கண்டோம். பிறகு காலா கோடாவுக்குச் சென்று, அங்கே வீரன் ஏறாத கருங்குதிரையைக் கண்டோம். பைகுல்லாவின் பூங்காவுக்கும், அதை ஒட்டிய பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்திற்கும் போய், பீடம் இழந்த ஆங்கிலேயர் காலத்துச் சிலைகளையும், கராபுரித் தீவிலிருந்து வந்த கல்யானையையும் கண்டோம். திரும்பும் வழியில் தாதரில் வண்டி மாறக் காத்திருந்தபோது, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தன் பாட்டனாரின் விரலைப் பற்றிக்கொண்டு கேட்டாள்: "தாத்தா, இன்னிக்குப் பார்த்த சிலையிலே நம்ம ஆளு ஒருத்தர்கூட இல்லையே, ஏன்?"

பெரியவர் சற்றே திகைத்தார். "நாம பொழைக்க வந்தவங்க, தாயி. விருந்துக்கு வந்தவனுக்கு யாராவது சிலை வைப்பாங்களா?" என்று சொல்லிச் சிரித்தார். உடன் வந்த இளைஞர் ஒருவருக்கு அந்த விடை பொறுக்கவில்லை. "அதெல்லாம் இல்ல பெரியவரே. நாம ஒண்ணாச் சேர்ந்து கேட்டா, இங்கேயும் ஒரு வள்ளுவர் சிலை நிற்கும்" என்றார். குழந்தை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. வண்டி வந்தது, ஏறிக்கொண்டோம். ஆயினும் அக்கேள்வி நம்மைவிட்டு இறங்கவில்லை.

இந்த இரு விடைகளும் போதா என்பதே நம் எண்ணம். முதல் விடை நம்மை என்றென்றும் திண்ணையிலேயே உட்காரவைத்துவிடும். இரண்டாவது விடை, ஒரு கல்லை நட்டுவிட்டால் ஊர் நமதாகிவிடும் என்று நம்புகிறது. பொதுவிடத்தில் நிற்கும் சிலை உண்மையில் யாருக்கு உரியது? செய்வித்தவனுக்கா, செதுக்கியவனுக்கா, அதில் உருவாகி நிற்பவனுக்கா, அன்றி அதைக் காண்பவனுக்கா? இவ்வினாவுக்கு விடை காண நாம் வேற்று நாட்டு நூல்களைத் தேடிப் போகவேண்டியதில்லை. கல் நடும் கலையை இலக்கணமாகவே வகுத்து வைத்த இனம் நம் இனம்.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலைகளைக் கூறுகிறது. தகுந்த கல்லைத் தேடிக் காணுதல் காட்சி, அதைக் கொணரும் வினையைத் தொடங்குதல் கால்கோள், கல்லை நீராட்டுதல் நீர்ப்படை, பின்னர் நடுதல், படையலிட்டுச் சிறப்புச் செய்யும் பெரும்படை, இறுதியாக வாழ்த்துதல். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்துக் காதைகள் சிலவும் இந்நிலைகளின் பெயர்களையே தாங்கி நிற்பதை நாம் அறிவோம். இவ்வாறில் கல் தச்சனுடைய கைவேலை நடுவிலே வந்து முடிந்துவிடுகிறது என்பதை நோக்குக. முதல் நிலையும் கண்ணின் செயல்; கடைசி நிலையும் நாவின் செயல். காணத் தொடங்கி வாழ்த்தில் முடிவதே கல்லின் வாழ்வு. வாழ்த்துவார் இல்லாத கல், நட்ட பின்னும் வெறுங்கல்லே.

அக்கற்கள் யாருக்காக நடப்பட்டன? தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் வீழ்ந்த அந்தவன் என்பவனைக் குறிக்கிறது. அவன் அரசனல்லன், ஆநிரைப் பூசலில் உயிர் ஈந்த ஒரு வீரன், அவ்வளவே. திருவண்ணாமலைப் பகுதியிலுள்ள எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் வீரனோடு அவனுடைய நாயும் பொறிக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்ற பெயருடைய அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனுக்குத் துணை நின்ற செய்தியை அக்கல் கூறுகிறது. நன்றி மறவாத விலங்குக்கும் பெயர் சொல்லிக் கல்லில் இடம் தந்த மரபு நம்முடையது. பிறப்பும் செல்வமும் கல்லுக்குத் தகுதியாகக் கொள்ளப்படவில்லை. செய்த செயலே தகுதி.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு அன்று கண்ட சிலைகளை மீண்டும் நோக்குவோம். காலா கோடா என்றால் கருங்குதிரை. வேல்ஸ் இளவரசராகப் பம்பாய் வந்துசென்ற, பின்னாளில் ஏழாம் எட்வர்டு என முடிசூடிய மன்னரின் குதிரை மீதமர்ந்த சிலையை, சசூன் குடும்பத்துப் பெருவணிகர் ஒருவர் செய்வித்து அளித்தார். போயம் என்னும் சிற்பி வடித்த அவ்வெண்கலச் சிலை 1879-இல் அங்கே நிறுவப்பெற்று, 1965-இல் அகற்றப்பட்டுப் பைகுல்லாவுக்குப் போயிற்று. மன்னரும் போனார், குதிரையும் போயிற்று. ஆனால் அவ்விடத்தின் பெயர் மட்டும் போகவில்லை. மக்கள் நாவில் நின்றது மன்னரின் பெயரன்று, குதிரையின் நிறம்! 2017-இல் அப்பகுதியில் மீண்டும் ஒரு கருங்குதிரையை நிறுவியபோது, அதன்மேல் எவரையும் ஏற்றிவைக்கவில்லை. பணம் கொடுத்துச் சிலை நிறுத்தலாம். வாழ்த்தை விலைக்கு வாங்க இயலாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

பைகுல்லாவின் கல்யானையும் இதே பாடத்தையே வேறு வகையில் கற்பிக்கிறது. கராபுரித் தீவுக்குப் போர்த்துக்கீசியர் எலிஃபன்டா என்று பெயரிட்டது இந்த யானையைக் கண்டுதான். 1864-இல் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்ல முயன்று தூக்கியபோது, உடைந்து பல துண்டுகளாயிற்று. 1912-இல் அத்துண்டுகளை ஒன்றுசேர்த்தார்கள். அது இன்று நிற்கும் இடம் அதன் பழைய இடமன்று. உடலெங்கும் ஒட்டின் தழும்புகள். ஆயினும் அதைச் சுற்றி ஓடிய நம் பிள்ளைகளுக்கு அது யானையாகவே இருந்தது. பிறந்த இடம் விட்டு, உடைந்து, ஒட்டி, வேறோர் இடத்தில் நிலைகொண்ட அவ்வுருவத்தின் முன் புலம்பெயர்ந்தோராகிய நாம் சற்று நேரம் கூடுதலாக நின்றதில் வியப்பில்லை.

இனி இளைஞர் கூறிய விடையைப் பார்ப்போம். நமக்கும் ஒரு சிலை வேண்டும் என்பது தவறான ஆசையன்று. ஆனால் பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் நடந்ததை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். அங்கே 1991-இல் அமைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை எதிர்ப்பின் காரணமாகத் திறக்கப்படாமல், பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. உலகத்தார் அனைவர்க்கும் அறம் உரைத்தவர், ஒரு தெருவில் தம் முகத்தைக் காட்ட முடியாமல் துணிக்குள் நின்றார். 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் அச்சிலை திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடப் பெருங்கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அந்தத் துணியை விலக்கியது எது? கூட்டத்தின் வலிமை மட்டும் அன்று. நம் கவிஞரை நீங்கள் காணுங்கள், உங்கள் கவிஞரை நாங்கள் காண்கிறோம் என்ற கொடுக்கல் வாங்கலே. காட்சி இரு பக்கமும் நிகழ்ந்த பிறகுதான் கல்லுக்குக் கண் திறந்தது.

பிறரைக் காண மறுத்துக்கொண்டே நம்மைக் காணுங்கள் என்று கேட்பது அறமாகாது. இந்த உண்மை நமக்குப் புதிதும் அன்று. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் பத்துச் சிலைகள் எழுந்தன. வள்ளுவர், ஔவை, கம்பர், கண்ணகி, பாரதி என்னும் வரிசையிலே போப்பும் கால்டுவெல்லும் வீரமாமுனிவரும் நிற்கிறார்கள். மூவரும் கடல் கடந்து வந்தவர்கள்; பிறமொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்கள் தமிழ்நாட்டில் தமக்குச் சிலை கேட்டதில்லை; தமிழைக் கற்றார்கள். தஞ்சையை நோக்குவோம். மராட்டியர் அங்கு ஆளவந்தது பதினேழாம் நூற்றாண்டில். அவ்வழித் தோன்றிய இரண்டாம் சரபோசியின் பளிங்குச் சிலை, ஃபிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியின் கைவண்ணமாக அரண்மனையில் இன்றும் நிற்கிறது. சரசுவதி மகால் நூலகத்தைப் பேணி வளர்த்த அம்மன்னரைத் தஞ்சை மக்கள் எவரும் அயலார் என்பதில்லை. மராட்டியர் தமிழ் மண்ணில் வேர்கொண்டது போலவே தமிழர் மராட்டிய மண்ணில் வேர்கொள்ளலாம். நீரூற்ற வேண்டியது நம் கடமை.

இக்கடமையை ஹுதாத்மா சௌக்கின் முன் நிறுத்திப் பார்ப்போம். ஒருங்கிணைந்த மராட்டிய மாநிலம் வேண்டி எழுந்த கிளர்ச்சியில், 1955 நவம்பர் 21 அன்று அவ்விடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அக்கிளர்ச்சிக் காலம் முழுவதிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1960 மே 1-ஆம் நாள் மகாராட்டிர மாநிலம் பிறந்தது. மறு ஆண்டு அந்நினைவுச் சின்னம் எழுந்தது. அதே காலத்தில்தான், 1956-இல், தமிழ்நாடு என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து விருதுநகரில் எழுபது நாட்களுக்கு மேல் உண்ணாநோன்பிருந்து சங்கரலிங்கனார் உயிர் துறந்தார். மொழியின் பெயரால் ஒரு மண்ணுக்கு முகவரி வேண்டும் என்று மாண்டவர்கள் இவர்களும்தான், அவரும்தான். சங்கரலிங்கனாரை அறிந்த தமிழனுக்கு அந்தத் தீப்பந்தம் அயலார் வீட்டு விளக்காகத் தோன்றுமா?

தோன்றாது என்று சொல்வது எளிது. ஆனால் நம் மூத்த தலைமுறையின் நெஞ்சில் ஒரு முள் இருப்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. 1960-களின் பிற்பகுதியில், தென்னாட்டார் என்ற ஒரே காரணத்துக்காக நம்மவர் கடைகளின் மீது கல் விழுந்த நாட்கள் இந்நகரில் இருந்தன. அன்று இரவெல்லாம் கதவடைத்து விழித்திருந்தவர்களிடம் போய், அவர்கள் தியாகிகளை வணங்குங்கள் என்று எப்படிச் சொல்வது? தயக்கத்தோடுதான் சொல்கிறோம்: எறிந்த கல் வேறு, நட்ட கல் வேறு. எறிந்தவன் மீதுள்ள கசப்பை நட்டவன் மீது ஏற்றினால், நாமும் ஒரு கல்லை எறிந்தவர்களாவோம். இறந்துபட்ட அந்த உழவனும் தொழிலாளியும் நமக்குத் தீங்கு செய்தவர்களல்லர். அவர்களை அறிந்துகொள்வதால் நம் பாட்டன் பட்ட துயர் சிறுத்துப்போகாது. அத்துயரைச் சொல்லும் தகுதி அப்போதுதான் நமக்கு முழுமையாக வரும்.

அவ்வாறாயின், உழைத்த நம் முன்னோர்க்குக் கல்லே இல்லையா என்று சிறுமி மீண்டும் கேட்பாள். சென்னைக் கடற்கரையில் 1959-இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையை அவளுக்குக் காட்டுவோம். பெரும்பாறை ஒன்றை நால்வர் நெம்பித் தள்ளும் அவ்வுருவத்தை வடித்தவர் வங்கத்திலிருந்து வந்து, சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராக விளங்கிய தேவிபிரசாத் ராய் சௌத்ரி. அவர் மாதிரியாகக் கொண்டவர்களுள் ஒருவர் அக்கல்லூரியின் இரவுக் காவலாளி. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அவ்வுருவத்தைக் காண்கிறார்கள். அது ஒரு காவலாளியின் தோள் என்பதை அறிந்தோர் சிலரே. உழைத்தவன் சிலையில் நின்றாலும் தன் பெயரில் நிற்பதில்லை. எல்லார் பெயரிலும் நிற்கிறான்.

மாஹிமிலேயே ஒரு சான்று உண்டு. மாஹிமையும் பாந்திராவையும் பிரித்த உப்பங்கழியை அந்நாளில் படகேறித்தான் கடக்கவேண்டும். ஆவாபாய் ஜீஜீபாய் என்னும் பார்சிப் பெருமாட்டியார் ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல் அளித்து அங்கே ஒரு பாதை எழுப்பச் செய்தார். கடப்போரிடம் சுங்கம் வாங்கலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை. 1845-இல் திறக்கப்பட்ட அந்த மாஹிம் பாதையில் இன்றும் மக்கள் போகிறார்கள். சிலையாக நிமிர்ந்து நில்லாமல், வழியாகக் கிடக்கும் நினைவுச் சின்னம் அது. குளம் தொட்டவனையும் சத்திரம் கட்டியவனையும் வாழ்த்திப் பழகிய நமக்கு, அப்பெருமாட்டியாரின் பெயர் தாங்கிய சாலையில் நடக்கும்போதாவது அவரை நினைக்கத் தெரியவேண்டும்.

மாஹிமின் கிழக்குப் பக்கத்துக்கு வருவோம். அண்மை ஆண்டுகளில் ஸ்டார்ட் இந்தியா என்னும் கலை அறக்கட்டளை, ஓவியர்களை அழைத்து இப்பகுதியின் சுவர்களில் பேருருவ ஓவியங்களைத் தீட்டச் செய்துள்ளது. அதே அறக்கட்டளையின் முயற்சியால் 2020-இல் சென்னைக் கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களும் வண்ணம் பெற்றன. நீர்நிலைக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழை மக்களைக் குடியேற்றிய இடம் அது. அரசவையில் நின்று நீதி கேட்டவளின் பெயரை, கேட்க நாதியற்றுப் போனவர்களின் ஊருக்கு வைத்திருக்கிறோம்! சாக்கடை சீர்படாத தெருவில் சுவருக்கு வண்ணம் எதற்கு என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. வண்ணம் குழாய்த் தண்ணீருக்கு ஈடாகாது. ஆனால் ஏழைக்கு அழகு தேவையில்லை என்று எண்ணுவதும் ஒருவகை அவமதிப்பே. மண் குடிசையின் வாசலிலும் நாள்தோறும் கோலமிட்ட தாய்மார்கள், வயிறு நிறைந்த பிறகுதான் அழகு என்று காத்திருந்தார்களா? கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று: தீட்டுகிறவன் அங்கே வாழ்வோரைக் கண்டுவிட்டுத் தீட்டுகிறானா? 2015-இல் தாராவியில் நடந்த கலைவிழாவில் அங்கு வாழும் மக்களே தம் கையால் கலைப்பொருள்களைச் செய்து, தம் உடல்நலத்தையும் வாழ்வையும் பற்றிப் பேசினார்கள். அங்கே காட்சி உள்ளிருந்தே தொடங்கிற்று.

தாராவியை இடித்துப் புதிதாக்கும் பணி தொடங்கியிருக்கும் இவ்வேளையில், அச்சுவர்களுள் எவை நிற்கும், எவை வீழும் என்று எவரும் அறியார். கல்லே பீடம் விட்டு இறங்கும்போது, காரைச் சுவர் எம்மாத்திரம்? 2001-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து அகற்றப்பட்ட கண்ணகி சிலை 2006-இல் மீண்டும் வந்து நின்றது. இடைப்பட்ட ஐந்தாண்டும் கண்ணகி தமிழ் நெஞ்சிலிருந்து இறங்கினாளா? கல் பெயர்ந்தாலும் வாழ்த்து பெயரவில்லை. அதனால்தான் கல்லும் திரும்பிற்று.

ஆகவே அச்சிறுமிக்கு நாம் சொல்லவேண்டிய விடை இது. மகளே, சிலை காண்பவனுக்கு உரியது. ஆனால் போகிற போக்கில் பார்ப்பது காட்சி ஆகாது. அதில் நிற்பவர் யார், என்ன செய்தார், யாருக்காகச் செய்தார் என்று கேட்டு அறிந்து, நல்லதை நல்லதென்று வாழ்த்தவும், அல்லாததை அல்லதென்று ஒதுக்கவும் கற்றவனுக்கே அது உரியது. அவ்வாறு கற்றுவிட்டால் இந்நகரில் நீ விருந்தாளி அல்லள். உன் பாட்டனுக்குக் கல் இல்லையே என்று வருந்தாதே. ஆறு நிலைகளுள் கடைசி நிலையான வாழ்த்துக்குச் சிற்பியும் வேண்டா, அரசாணையும் வேண்டா. அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் தங்கினார், என்ன வேலை செய்தார் என்பதைப் பெயரோடு சொல்லத் தெரிந்த ஒரு பேத்தி இருந்தால், அவருக்கு நடுகல் நட்டாயிற்று.

இங்கே குறை நம் பக்கம் உள்ளதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தாத்தாவின் தந்தை பெயர் தெரியும்? அவர் முதன்முதல் படுத்துறங்கிய இடம் தாராவியில் எது என்று எத்தனை பெற்றோர் காட்டியிருக்கிறோம்? கல் இல்லை என்று நகரத்தைக் குறைகூறும் நாம், கதையைச் சொல்லாமல் விட்டது யார் குற்றம்?

அடுத்த முறை சிலை காணப் புறப்படும்போது, நம் நடை சர்ச்கேட்டில் தொடங்கவேண்டா. மாஹிம் பாலத்தின் கிழக்குப் படிகளில் இறங்கி, பாட்டனார் வாழ்ந்த தெருவில் பிள்ளைகளை நிறுத்தி, அவர் பெயரைச் சொல்லிவிட்டுப் புறப்படுவோம். அதன் பிறகு காணும் ஒவ்வொரு சிலையும் அவர்களுக்கு அயலாரின் சிலையாகத் தோன்றாது.